"சேமி" பட்டனைத் தட்டினால் சில நேரம் எதுவும் நடப்பதில்லை: எங்கே தேடுவது?

#1 புதுவரி

வணக்கம். ஆண்ட்ராய்டு ஆப், காட்லின், பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட். டார்கெட் எஸ்டிகே 35 (ஆண்ட்ராய்டு 15-க்கான இலக்கு எண்). ஒரு படிவத் திரை: ஸ்க்ரோல்வியூவுக்குள் (உருட்டும் பகுதி) ஆறு எடிட்டெக்ஸ்ட் (எழுதும் கட்டம்), அதற்கு வெளியே திரையின் அடியில் முழு அகலத்துக்கு "சேமி" பட்டன். உயரம் 56 டிபி (திரை அடர்த்தியைச் சாராத அளவு), கீழ் மார்ஜின் 16 டிபி.

வரும் புகார் எல்லாம் ஒரே வரிதான்: "சேமி வேலை செய்யல." தோண்டிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்:

முதல் தட்டில் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது தட்டில் சேமிக்கிறது.
பட்டனின் மேல் பகுதியில் தட்டினால் சரி, கீழ்ப் பாதியில் தட்டினால் இல்லை. சிலருக்கு ஆப்பே மூடிக்கொள்கிறதாம்.
ஒருமுறை நெட் போய் வந்தால், அதன்பிறகு ஆப்பை முழுசாக மூடித் திறக்கும்வரை பட்டன் செத்துக் கிடக்கிறது.

எமுலேட்டரில் (ஆண்ட்ராய்டு 14) இதில் எதுவும் வரவில்லை. கேஷ் அழித்து, ஆப்பை நீக்கி மறுபடி போட்டுப் பார்த்தாச்சு. கிளிக் லிசனரில் ஒரு லாக் வரி இருக்கிறது. ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. எதிலிருந்து தொடங்குவது?

#2 வியூகுரூப்

கோடில் எதையும் மாத்தாதீங்க இப்போதைக்கு. "பட்டன் வேலை செய்யல"ங்கிறது ஒரு நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி அடையாளம். முதல்ல மூணு கேள்வியைப் பிரிச்சுக்கணும்: தொடுகை உங்க ஆப்புக்கு வந்து சேருதா? சேர்ந்தா பட்டன்கிட்ட போகுதா, நடுவுல வேற யாராவது வாங்கிக்கிறாங்களா? பட்டன்கிட்ட போன பிறகு வேலை நடக்குதா?

முதல் கேள்விக்கு: செட்டிங்ஸ்ல ஃபோன் விவரம் போய் பில்டு நம்பரை 7 தடவை தட்டுங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதுல "ஷோ டேப்ஸ்", "பாயின்டர் லொகேஷன்" ரெண்டையும் ஆன் பண்ணுங்க. விரல் வெச்ச இடத்துல புள்ளி வரலைன்னா திரை அல்லது அதுமேல ஒட்டின கண்ணாடி. உங்க கோடுக்கு வேலையே இல்லை. இன்னும் அடியில போகணும்னா கம்ப்யூட்டர்ல இருந்து "ஏடிபி ஷெல் கெட்ஈவென்ட்" ஓடவிட்டுத் தட்டிப் பாருங்க, கெர்னல்ல இருந்தே வரி வரும்.

அடுத்து, ஆக்டிவிட்டியோட (திரையை நடத்துற கிளாஸ்) டிஸ்பேட்ச்-டச்-ஈவென்ட்ல ஒரு லாக். பட்டனுக்கு ஒரு ஆன்-டச் லிசனர், அதுலயும் லாக் மட்டும் போட்டு ஃபால்ஸ் திருப்பி அனுப்புங்க. ட்ரூ திருப்பினீங்கன்னா தொடுகையை நீங்களே விழுங்கிட்டீங்க, கிளிக் வரவே வராது. சோதனை பண்ணப் போய் புதுக் கோளாறு வந்துடும். மூணாவதா கிளிக் லிசனர்ல ஏற்கெனவே இருக்கிற லாக்.

ஆக்டிவிட்டிக்கே "டவுன்" (விரல் வெச்ச செய்தி) வரலைன்னா வேற விண்டோ மேல உக்காந்திருக்கு. ஆக்டிவிட்டிக்கு வந்து பட்டனுக்கு வரலைன்னா மேல ஒரு வியூ மறைக்குது, இல்ல பேரன்ட் பிடுங்குது. பட்டனுக்கு டவுன் வந்து "அப்"புக்கு (விரல் எடுத்த செய்தி) பதிலா "கேன்சல்" வந்தா நடுவுல பறிச்சுட்டாங்க. டவுன், அப் ரெண்டும் வந்து கிளிக் மட்டும் வரலைன்னா பட்டனோட குணத்துல ஏதோ இருக்கு. கிளிக்கும் வந்துட்டா, பட்டன் நிரபராதி.

இந்த லாக் வரிகளை ஒவ்வொரு புகாருக்கும் தனித்தனியா எடுத்துப் போடுங்க. சேர்த்துப் போட வேணாம்.

#3 சோதனைக்கூடம்

எமுலேட்டரில் வராததற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. மவுஸ் கிளிக்கில் டவுனும் அப்பும் ஒரே பிக்ஸலில் விழும். விரல் அப்படியில்லை, வைத்து எடுப்பதற்குள் சிறிது நழுவும். ஆண்ட்ராய்டில் நழுவலுக்கான வரம்பு வழக்கமாக 8 டிபி. ஸ்க்ரோல் ஆகும் பகுதிக்குள் இருக்கும் பட்டனில் விரல் செங்குத்தாக அதைத் தாண்டினால் ஸ்க்ரோல்வியூ "இது உருட்டல்" என்று முடிவெடுத்துத் தொடுகையைப் பிடுங்கிக்கொள்ளும். பட்டனுக்குக் கேன்சல்தான் மிஞ்சும்.

"ஏடிபி ஷெல் இன்புட் டேப்" கட்டளையும் இதே மாதிரிதான், நழுவாத விரல். பதிலாக "இன்புட் ஸ்வைப்" பயன்படுத்துங்கள்: தொடக்கப் புள்ளி, அதிலிருந்து 15 அல்லது 20 பிக்ஸல் தள்ளி முடிவுப் புள்ளி, நேரம் 120 மில்லிநொடி. அசல் விரலுக்கு இது எவ்வளவோ நெருக்கம்.

இன்னொன்று: புகார் சொன்னவரிடம் திரையின் நிறத்தை மாற்றும் ஆப், மிதக்கும் குமிழி, திரைப் பதிவு ஆப் எதுவும் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், வேறொரு ஆப்பின் மிதக்கும் விண்டோ உங்கள் திரைமேல் படர்ந்து, தொடுகையைக் கீழே கடத்திவிடும் வகையில் இருந்தால், அதன் ஒளிபுகாத்தன்மை 0.8-ஐத் தாண்டும்போது சிஸ்டமே தொடுகையைத் தடுத்துவிடும். லாக்கேட்டில் (சிஸ்டம் லாக்) "அன்ட்ரஸ்டட் டச்" என்ற சொற்களைத் தேடினால் எந்த ஆப் காரணம் என்பது பேரோடு வரும். பணம் கட்டும் திரைகளில் "ஃபில்டர் டச்சஸ் வென் அப்ஸ்க்யூர்டு" பண்பை ட்ரூ வைத்திருப்பார்கள். அங்கே மேலே எது படர்ந்திருந்தாலும் தொடுகை வீசப்படும். அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்தது. அதை நீக்காமல், பயனருக்கு ஒரு வரி அறிவிப்புக் காட்டுவதே முறை.

#4 தாமதக்காரர்

இவ்வளவு எதுக்கு? கிளிக்குக்குள்ள 300 மில்லிநொடி போஸ்ட்-டிலேட் போட்டா பாதி சரியாகிடும். கீபோர்டு மூடுறதுக்கு நேரம் கிடைக்கும்.

#5 வியூகுரூப்

இல்லை நண்பா. கிளிக்கே வராத இடத்துல கிளிக்குக்குள்ள தாமதம் போட்டு என்ன ஆகும்? கிளிக் வர்ற இடத்துல போட்டா பட்டன் மந்தமாகும், அந்த இடைவெளியில திரையைச் சுழற்றினா பழைய வியூவைத் தொட்டுக் கிராஷ் ஆகும். காரணம் தெரியாம போட்ட தாமதத்தை அடுத்து வர்றவங்க எடுக்கவும் பயப்படுவாங்க. வேணாம்.

#6 புதுவரி

லாக் எடுத்துவிட்டேன்.

ஃபோன் அ (ஆண்ட்ராய்டு 13), முதல் தட்டு: ஆக்டிவிட்டி டவுன், பட்டன் டவுன், பட்டன் அப். கிளிக் இல்லை. ரிப்பிள் (தட்டும்போது பரவும் அலை) கூட வருகிறது. இரண்டாம் தட்டு: எல்லாம் வருகிறது, கிளிக்கும்.

ஃபோன் ஆ (ஆண்ட்ராய்டு 15, கீழே மூன்று பட்டன் உள்ள நேவிகேஷன்), கீழ்ப் பாதியில் தட்டு: ஆக்டிவிட்டிக்கே டவுன் வரவில்லை. பட்டனின் கீழ்ப்பகுதி கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. டிசைனில் உள்ள நிழல் என்று நினைத்திருந்தேன்.

ஃபோன் இ, ஏரோப்ளேன் மோடில் ஒருமுறை சேமித்துத் தோற்ற பிறகு: டவுன், அப், கிளிக் மூன்றும் வருகின்றன. ஆனால் எதுவும் நடப்பதில்லை.

#7 வியூகுரூப்

அருமை, மூணும் மூணு வேற கோளாறு. ஒரே பட்டன் மேல வந்து விழுந்ததால ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு.

ஃபோன் அ-வை எடுத்துக்கறேன். டவுன், அப் வந்து ரிப்பிளும் வந்து கிளிக் மட்டும் வரல, ரெண்டாவது தடவை வருது. லேஅவுட் ஃபைல்ல அந்தப் பட்டன்ல "ஃபோக்கசபிள் இன் டச் மோட்" ட்ரூன்னு இருக்கா பாருங்க. இல்லைன்னா ஸ்டைல்ல, தீம்ல தேடுங்க. கிட்டத்தட்ட நிச்சயமா இருக்கும்.

ஏன்னு சொல்றேன். வியூ கிளாஸோட ஆன்-டச்-ஈவென்ட்ல, விரல் எடுத்ததும் ஒரு சோதனை நடக்கும்: இந்த வியூ டச் மோட்ல ஃபோக்கஸ் வாங்கக்கூடியதா, இன்னும் வாங்கலையா? ஆமான்னா முதல்ல ஃபோக்கஸ் கேட்கும். ஃபோக்கஸ் கிடைச்சிட்டா அந்தத் தட்டு அதோட முடிஞ்சது, பெர்ஃபார்ம்-கிளிக் கூப்பிடவே மாட்டாங்க. ரெண்டாவது தட்டுல ஃபோக்கஸ் ஏற்கெனவே கையில இருக்கு, அதனால கிளிக் நடக்கும். எடிட்டெக்ஸ்ட்டுக்கு இது நியாயமான ஏற்பாடு. பட்டனுக்கு விஷம்.

பொதுவா இதைப் போடுற காரணம்: கட்டத்தை விட்டு ஃபோக்கஸ் போகும்போது சரிபார்ப்பு ஓடணும், பட்டனைத் தட்டினா ஃபோக்கஸ் போகட்டும்னு. அதைப் பட்டன்ல செய்யாதீங்க. பண்பை எடுத்துடுங்க. கிளிக் லிசனர்ல முதல் வரியா கரன்ட்-ஃபோக்கஸ்ல இருக்கிற வியூவோட கிளியர்-ஃபோக்கஸ் கூப்பிடுங்க, அடுத்த வரியில ஆறு கட்டத்தையும் நேரடியா ஒரு ஃபங்ஷன்ல சரிபாருங்க. ஃபோக்கஸ் மாற்றத்தை நம்பிச் சரிபார்க்கிறது எப்பவும் ஓட்டை. தானாக நிரப்பும் வசதி ஃபோக்கஸைத் தொடாமலே கட்டத்தை நிரப்பிட்டுப் போயிடும்.

திரை திறந்ததும் முதல் கட்டம் ஃபோக்கஸ் வாங்கி கீபோர்டு எழும்புதேன்னு இதைப் போட்டிருந்தீங்கன்னா, பண்பை மேல இருக்கிற ரூட் லேஅவுட்டுக்கு மாத்துங்க, போதும்.

எமுலேட்டர்ல ஏன் வரலைன்னா: கம்ப்யூட்டர் கீபோர்டுல டேப் தட்டித்தானே ஒவ்வொரு கட்டமாப் போறீங்க? கடைசி டேப் ஃபோக்கஸைப் பட்டன் மேலயே கொண்டுவந்து வெச்சிடும். அப்புறம் மவுஸ்ல தட்டினா முதல் தட்டுலயே கிளிக்.

#8 விரல்நுனி

ஃபோன் ஆ-வுக்கு நான்.

டார்கெட் எஸ்டிகே 35 வைத்த ஆப், ஆண்ட்ராய்டு 15 ஃபோனில் ஓடும்போது விளிம்புவரை பரவும் காட்சி கட்டாயம். உங்கள் லேஅவுட் நேவிகேஷன் பாருக்குக் கீழேயும் நீள்கிறது. ஆண்ட்ராய்டு 14 எமுலேட்டரில் இது தெரியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் ப்ளே ஸ்டோரில் புதிய ஆப்களும் புதுப்பிப்புகளும் 35-ஐ இலக்காக வைக்க வேண்டும் என்று ஆனதால், கோடில் ஒரு வரியும் மாறாத ஆப்களில்கூட இது திடீரென முளைத்தது.

கணக்குப் பார்த்துவிடலாம். மூன்று பட்டன் நேவிகேஷன் பாரின் உயரம் பொதுவாக 48 டிபி. உங்கள் கீழ் மார்ஜின் 16. எனவே 48 - 16 = 32 டிபி பட்டன்மேல் ஏறி நிற்கிறது; 56-ல் வேலை செய்வது மேலே உள்ள 24 டிபி மட்டும். அந்த மங்கல் நிழல் அல்ல, பாரின் 80 சதவீதம் ஒளிபுகாத பின்னணி. பார் என்பது சிஸ்டத்தின் தனி விண்டோ, அதனால்தான் உங்கள் ஆக்டிவிட்டிக்கு டவுன்கூட வரவில்லை. "ஆப் மூடிக்கொள்கிறது" என்றவர்களின் கதையும் இதுதான்: முழு அகலப் பட்டனின் நடுவில் தட்டினால் அங்கே இருப்பது ஹோம்.

தீர்வு: பட்டனைச் சுமக்கும் அடி லேஅவுட்டுக்கு வியூகாம்பேட்டின் செட்-ஆன்-அப்ளை-விண்டோ-இன்செட்ஸ்-லிசனர் போட்டு, சிஸ்டம்-பார்ஸ், ஐஎம்இ (கீபோர்டு) இரண்டையும் சேர்த்துக் கேட்டு, கிடைக்கும் அடி அளவை (இன்செட்) அந்த லேஅவுட்டின் கீழ் பேடிங்காக வையுங்கள். ஐஎம்இ ஏன் என்றால், விளிம்புவரை பரவும் காட்சியில் "அட்ஜஸ்ட் ரீசைஸ்" பழையபடி விண்டோவைச் சுருக்காது. கீபோர்டு பட்டனை முழுசாக மூடிவிடும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு: லிசனருக்குள் "இப்போதைய பேடிங் + இன்செட்" என்று எழுதுவது. லிசனர் பலமுறை கூப்பிடப்படும். ஒவ்வொரு முறையும் 48 கூடிக்கூடி பட்டன் திரையின் நடுவுக்கு ஏறிவிடும். ஆரம்பப் பேடிங்கை லிசனருக்கு வெளியே ஒரு மாறியில் வைத்து, அதோடு கூட்டுங்கள்.

விளிம்பு விதியிலிருந்து விலக ஒரு தீம் பண்பு உண்டுதான். ஆண்ட்ராய்டு 15-ல் வேலை செய்யும். டார்கெட் 36 ஆகி ஆண்ட்ராய்டு 16-ல் ஓடும்போது அதற்கு மதிப்பில்லை. அதை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

#9 நள்ளிரவு லாக்

ஃபோன் இ: கிளிக் வருகிறது என்றால் பட்டனை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். சேமிக்கும் ஃபங்ஷனை இங்கே விவரிக்க முடியுமா? "சேமித்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரு கொடி மாறி இருக்குமே.

#10 புதுவரி

லேஅவுட்டில் ஃபோக்கசபிள் இன் டச் மோட் இருந்தது! எடுத்ததும் முதல் தட்டிலேயே போகிறது. நீங்கள் சொன்ன காரணத்துக்காகத்தான் போட்டிருந்தது. டேப் விஷயமும் அப்படியே.

சேமிக்கும் ஃபங்ஷன் வியூமாடலில் (திரையின் தரவை வைத்திருக்கும் கிளாஸ்): கொடி ட்ரூ என்றால் உடனே திரும்பிவிடும். இல்லையென்றால் கொடியை ட்ரூ ஆக்கி, வியூமாடல்-ஸ்கோப்பில் லாஞ்ச், உள்ளே சர்வருக்கு அனுப்பு, வெற்றி என்றால் கொடி ஃபால்ஸ். ஐஓ-எக்ஸெப்ஷனைப் பிடித்து, பிழை என்ற ஸ்டேட்ஃப்ளோவில் (மதிப்பு மாறினால் அறிவிக்கும் மாறி) "இணைய இணைப்பு இல்லை" என்று வைக்கிறேன். திரை அதைக் கேட்டு ஸ்நாக்பார் (அடியில் வரும் சிறு அறிவிப்பு) காட்டும்.

#11 நள்ளிரவு லாக்

இரண்டு ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று.

முதலாவது வெளிப்படை. தோல்விப் பாதையில் கொடியை யாரும் இறக்கவில்லை. நெட் திரும்பினாலும் ஃபங்ஷன் முதல் வரியிலேயே திரும்பிவிடுகிறது. கொடி இறக்குவதை ஃபைனலி பிளாக்கில் வையுங்கள். வெற்றி, தோல்வி, ரத்து எல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கூடவே, எல்லா எக்ஸெப்ஷனையும் மொத்தமாகப் பிடிப்பதாக மாற்றினால் கேன்சலேஷன்-எக்ஸெப்ஷனை மட்டும் மறுபடி எறியுங்கள். அதை விழுங்கினால் கோரூட்டின் (லாஞ்ச் தொடங்கிய வேலை) ரத்தானது யாருக்கும் தெரியாமல் கோடு மேலே ஓடும்.

இரண்டாவது, முதலாவதைச் சரிசெய்த பிறகுதான் தலைகாட்டும். ஸ்டேட்ஃப்ளோவில் இருக்கும் மதிப்புக்குச் சமமான மதிப்பையே மறுபடி வைத்தால் அது யாருக்கும் அறிவிக்காது. முதல் தோல்வியில் ஸ்நாக்பார் வரும். இரண்டாம் தோல்வியிலும் அதே "இணைய இணைப்பு இல்லை", அதே சரம், ஆகவே மௌனம். பயனர் கண்ணுக்குப் பட்டன் மறுபடி செத்துவிட்டது. ஸ்நாக்பார் காட்டி முடிந்ததும் பிழையை நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக்கிவிடுங்கள், அல்லது இந்த ஒருமுறை நிகழ்வுகளுக்குச் சேனல் வைத்து அதை ஃப்ளோவாகக் கேளுங்கள். ரீப்ளே இல்லாத ஷேர்டுஃப்ளோ வைப்பவர்கள் கவனிக்க: கேட்பவர் இல்லாத நொடியில் விட்ட செய்தி காற்றோடு போய்விடும்.

இன்னும் ஒன்று. ஓகேஹெச்டிடிபி என்ற நெட்வொர்க் லைப்ரரியைப் பயன்படுத்தினால் இணைக்க, படிக்க, எழுத ஒவ்வொன்றுக்கும் இயல்பு வரம்பு 10 நொடி. முழு அழைப்புக்கு வரம்பே கிடையாது. நெட் பலவீனமான இடத்தில் தட்டியவர் 10 நொடி எந்த அசைவும் இல்லாத பட்டனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடி ட்ரூ ஆன அதே கணம் பட்டனுக்குள் சுழலும் வட்டம் வர வேண்டும். கொடியும் வட்டமும் ஒரே ஸ்டேட்டிலிருந்து வரட்டும். தனித்தனியாக வைத்தால் என்றைக்காவது ஒன்று பொய் சொல்லும்.

#12 சோதனைக்கூடம்

வடிவமைப்பு பற்றி ஒரு வேண்டுகோள். படிவம் நிரம்பும்வரை பட்டனைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு கட்டத்தின் கடைசியில் தானாக ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம் போதும், மின்னஞ்சல் "தவறு" ஆகிப் பட்டன் முடங்கும். பயனருக்கு எது தவறென்று தெரிய வழியே இல்லை. பட்டன் எப்போதும் இயங்கட்டும். தட்டியதும் எந்தக் கட்டம் தவறோ அங்கே ஸ்க்ரோல் செய்து, கட்டத்துக்குக் கீழே காரணத்தைச் சொல்லுங்கள். சரிபார்ப்புக்கு முன் முன்பின் வெற்றிடங்களை வெட்டிவிடுங்கள். முடக்குவது அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்.

#13 கவுண்ட்டவுன்

இதே இழையில் கேட்கலாமா? என்னுடையது ரீசைக்ளர்வியூ (பட்டியல் காட்டும் வியூ). ஒவ்வொரு வரியிலும் மீதி நேரம் நொடிக்கு நொடி குறையும், பக்கத்தில் "ரத்து" பட்டன். பத்துத் தடவை தட்டினால் இரண்டு மூன்று தடவை ஒன்றும் ஆவதில்லை. #2-ல் சொன்ன சோதனை செய்தேன்: பட்டனுக்கு டவுன் வருகிறது, பிறகு கேன்சல். ஸ்க்ரோல் செய்யவில்லை.

#14 வியூகுரூப்

நேரத்தைப் புதுப்பிக்க நொடிக்கு ஒரு தடவை நோட்டிஃபை-டேட்டாசெட்-சேஞ்சுடு கூப்பிடறீங்க, சரியா?

அது "எல்லாமே மாறிடுச்சு"ன்னு அடாப்டர் சொல்ற வார்த்தை. நிலையான ஐடி இல்லாத பட்டியல்ல ரீசைக்ளர்வியூ எல்லா வரியையும் கழற்றி, வேற வரிகளை மாட்டும். ஒரு வியூவை அதோட பேரன்ட்ல இருந்து கழற்றினா, அதுமேல நடந்துகிட்டிருக்கிற தொடுகைக்குக் கேன்சல் போகும். ஒரு தட்டுல விரல் வெச்சு எடுக்க 100 மில்லிநொடி ஆகலாம், கொஞ்சம் நிதானமான ஆளுக்கு 200, 250. ஆயிரத்துல 250 மில்லிநொடி விரல் கீழ இருந்தா, நாலுல ஒரு தட்டு அந்தப் புதுப்பிப்பு மேல விழும். பத்துக்கு ரெண்டு மூணுன்னு நீங்க சொன்ன கணக்கு அப்படியே வருது பாருங்க.

அதுக்கு மேல இன்னொரு பொறி: அந்த அழைப்புக்கும் அடுத்த லேஅவுட்டுக்கும் நடுவுல கிளிக் விழுந்தா, பைண்டிங்-அடாப்டர்-பொசிஷன் -1 கொடுக்கும். "-1 ஆனா திரும்பிடு"ன்னு ஒரு பாதுகாப்பு வரி எல்லாரும் எழுதறோம், எழுதணும். ஆனா அந்த இடத்துல சத்தமில்லாம கிளிக் தொலையும். அங்க ஒரு லாக் வையுங்க.

சரிசெய்ய: லிஸ்ட்-அடாப்டரும் டிஃப்யூட்டிலும் போட்டு, நேரம் மட்டும் மாறினா பேலோடு (எது மாறுச்சுங்கிற குறிப்பு) அனுப்புங்க. பேலோடு வாங்குற ஆன்-பைண்ட்ல டெக்ஸ்ட்டை மட்டும் மாத்துங்க. அப்போ அதே வியூ அதே இடத்துல இருக்கும், தொடுகை அறாது. பேலோடு இல்லாம வரியை மட்டும் "மாறிடுச்சு"ன்னு சொன்னா, இயல்பான அனிமேட்டர் பழைய வரியைக் கரைச்சு புது வரியைக் காட்டும், மறுபடி அதே தொல்லை. இன்னும் எளிசா வேணும்னா, திரையில தெரியுற ஹோல்டர்களை மட்டும் எடுத்து நேர டெக்ஸ்ட்டை நேரடியா மாத்திடலாம். அடாப்டருக்குச் சொல்லவே தேவையில்லை.

#15 ஸ்விஃப்ட் பக்கம்

ஐஓஎஸ்காரர்கள் இந்த இழைக்கு வந்தால் உதவும் என்று எழுதுகிறேன். அங்கே கேள்வி "ஹிட்-டெஸ்ட் யாரைத் திருப்பித் தருகிறது" என்பதே.

அடிக்கடி பார்ப்பது: பட்டன் தன் தாய் வியூவின் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிளிப்ஸ்-டு-பவுண்ட்ஸ் ஃபால்ஸ் என்றால் கண்ணுக்கு முழுசாகத் தெரியும், ஆனால் வெளியே உள்ள பகுதி தொடுகை வாங்காது. தாயின் எல்லையிலேயே தேடல் நின்றுவிடும். ஆட்டோ-லேஅவுட்டில் உயரம் சொல்லாத கன்டெய்னர் 0 உயரத்துக்குச் சுருங்கி, உள்ளிருக்கும் பட்டன் அழகாகத் தெரிந்து, தட்டினால் ஜடமாக இருப்பது இதே காரணத்தால்தான். எக்ஸ்கோடின் வியூ ஹயரார்க்கி டீபக்கரைத் திறந்து பக்கவாட்டில் சுழற்றினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

யூஐஇமேஜ்வியூவுக்கும் யூஐலேபிளுக்கும் யூசர்-இன்டராக்ஷன் இயல்பாகவே ஃபால்ஸ். படத்தின் மேல் பட்டனைக் குழந்தையாகச் சேர்த்தால் பட்டனும் செத்துவிடும். டேபிள் செல்லில் பட்டனை கன்டென்ட்வியூவில் சேர்க்காமல் செல்லிலேயே சேர்த்த பழைய கோடு ஐஓஎஸ் 14-லிருந்து உடைந்தது. கன்டென்ட்வியூ மேலே வந்து மூடிக்கொள்ளும். ஆல்ஃபா (ஒளிபுகாத்தன்மை) 0.01-க்குக் கீழே போன வியூ தொடுகை வாங்காது. ஆண்ட்ராய்டில் இது தலைகீழ்: ஆல்ஃபா 0 ஆனாலும் விசிபிள் என்றால் தொடுகையை வாங்கும். அங்கே கரைந்து மறைந்த லோடிங் திரை "கிளிக்கபிள்" ஆக மேலேயே நின்று எல்லாத் தட்டையும் விழுங்குவதற்கு அதுவே காரணம். அனிமேஷன் முடிந்ததும் அதன் விசிபிலிட்டியை "கான்" ஆக்குங்கள்.

ஸ்விஃப்ட்யூஐயில் எச்ஸ்டாக், நடுவில் ஸ்பேசர், ஆன்-டேப்-ஜெஸ்ச்சர் என்று எழுதினால் ஸ்பேசர் இடத்தில் தட்டு விழாது. கன்டென்ட்-ஷேப்பில் ரெக்டாங்கிள் கொடுங்கள். லிஸ்ட்டின் ஒரே வரியில் இரண்டு பட்டன் வைத்தால், வரியைத் தட்டியதும் இரண்டும் சேர்ந்து இயங்கும். இரண்டுக்கும் பட்டன்-ஸ்டைல் பார்டர்லெஸ் கொடுத்தால் பிரியும்.

#16 பல்லியங்கி

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் இதே நோய்கள் வேறு பேரில் இருக்கின்றன.

ஃப்ளட்டரில் ஆன்-பிரஸ்டு நல் என்றால் பட்டன் முடங்கியது என்று பொருள். நிபந்தனை எழுதி நல் அனுப்புகிறோமா என்று முதலில் பாருங்கள். ஸ்டாக்கின் எல்லைக்கு வெளியே பொசிஷன்டு வைத்த பட்டன் தெரியும், தட்டு வாங்காது. ஜெஸ்ச்சர்-டிடெக்டருக்குள் நிறமில்லாத வெற்றுக் கன்டெய்னர் இருந்தால் பிஹேவியரை ஓபேக் ஆக்க வேண்டும். மேலே படரும் அலங்கார லேயருக்கு இக்னோர்-பாயின்டர் போடுங்கள், கீழே தொடுகை போகும். அப்சார்ப்-பாயின்டர் போட்டால் அது தானே விழுங்கிக்கொள்ளும். பேர் நெருக்கம், செயல் எதிர்.

ரியாக்ட் நேட்டிவில் "முதல் தட்டு வேலை செய்யல" என்றால் பத்துக்கு ஒன்பது ஸ்க்ரோல்வியூவின் கீபோர்டு-ஷுட்-பெர்சிஸ்ட்-டேப்ஸ். இயல்பு மதிப்பு நெவர்: கீபோர்டு திறந்திருக்கும்போது முதல் தட்டு கீபோர்டை மூட மட்டுமே செலவாகும். "ஹேண்டில்டு" என்று மாற்றுங்கள். ஒன்றுக்குள் ஒன்று ஸ்க்ரோல்வியூ இருந்தால் வெளியே உள்ளதற்கும் போட வேண்டும். பலர் தவறவிடுவது அதைத்தான்.

#17 நள்ளிரவு லாக்

கிளிக் வந்தும் மௌனம் என்ற வகையில் இன்னும் இரண்டு.

"வரைபடத்தில் திற" மாதிரி வேறு ஆப்பை அழைக்கும் பட்டன்: ரிசால்வ்-ஆக்டிவிட்டி நல் இல்லையென்றால் மட்டும் திற என்ற பழைய கோடு, டார்கெட் 30 ஆனதும் ஆண்ட்ராய்டு 11-ல் ஊமையானது. மற்ற ஆப்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, மேனிஃபெஸ்டில் குவெரீஸ் எழுத வேண்டும். அல்லது நேரடியாக ஸ்டார்ட்-ஆக்டிவிட்டி கூப்பிட்டு ஆக்டிவிட்டி-நாட்-ஃபவுண்ட் எக்ஸெப்ஷனைப் பிடித்து, ஆப் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டாவதே எனக்குப் பிடித்தது, எழுத மறக்க மேனிஃபெஸ்டில் ஒன்றுமில்லை.

அனுமதி கேட்கும் பட்டன்: ஆண்ட்ராய்டு 11 முதல் பயனர் ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் சிஸ்டம் இனிக் கேட்காது. நீங்கள் கேட்பீர்கள், மறுப்பு உடனே திரும்பி வரும், திரையில் எதுவும் அசையாது. மறுப்பு வந்த இடத்தில் செட்டிங்ஸுக்கு அனுப்பும் வழி வையுங்கள்.

#18 புதுவரி

மூன்றும் தீர்ந்தன. ஃபைனலி, பிழையை நல் ஆக்குதல், பட்டனுக்குள் வட்டம், அடி லேஅவுட்டுக்கு இன்செட். நான் முதலில் பேடிங்கைக் கூட்டும் தவறைத்தான் செய்தேன். கீபோர்டு நாலு முறை திறந்து மூடியதும் பட்டன் மூன்றாவது கட்டத்தின்மேல் ஏறி நின்றது. ஆரம்ப மதிப்பை வெளியே வைத்ததும் சரி.

ஒரு கேள்வி பாக்கி. இந்தப் பட்டனுக்கு யூனிட் டெஸ்ட் இருக்கிறது, பெர்ஃபார்ம்-கிளிக் கூப்பிட்டுச் சோதிக்கும். எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது?

#19 சோதனைக்கூடம்

பெர்ஃபார்ம்-கிளிக் தொடுகை வழியாகப் போவதில்லை. நேராக லிசனரை எழுப்புகிறது. மேலே பத்து லேயர் மூடியிருந்தாலும், ஃபோக்கஸ் பொறி இருந்தாலும் அது பச்சைதான் காட்டும். டாக்பேக்கில் (பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்) இருமுறை தட்டுவதும் பெரும்பாலும் அந்தக் குறுக்குவழிதான்; அதனால் கையால் தட்டி வராமல் டாக்பேக்கில் மட்டும் வந்தால், கோளாறு தொடுகைப் பாதையில் என்று உடனே சொல்லிவிடலாம்.

எஸ்பிரெஸ்ஸோ என்ற டெஸ்ட் கருவியின் கிளிக் உண்மையான ஆயத்தொலைவில் தொடுகையை அனுப்பும், ஆனால் பட்டனின் நடுப்புள்ளியில். உங்கள் பட்டனின் நடு 28 டிபியில், மூடாத பகுதி 24 டிபி. நான்கு டிபி வித்தியாசத்தில் மாட்டியிருக்கும். மார்ஜின் 24 இருந்திருந்தால் நடுப்புள்ளி தப்பித்து, கோளாறும் தப்பித்திருக்கும். ஜெனரல்-கிளிக்-ஆக்ஷனில் இடத்தை பாட்டம்-சென்டர் என்று கொடுத்து ஒரு டெஸ்ட், முதலில் ஒரு எடிட்டெக்ஸ்ட்டில் தட்டி ஃபோக்கஸ் வாங்கிய பிறகு பட்டனை ஒரே ஒருமுறை தட்டும் ஒரு டெஸ்ட், பிழை திருப்பும் போலி சர்வரை வைத்து இரண்டு முறை தட்டி இரண்டு முறையும் ஸ்நாக்பார் வருகிறதா என்று ஒரு டெஸ்ட். மூன்றையும் ஆண்ட்ராய்டு 15 எமுலேட்டரில், மூன்று பட்டன் நேவிகேஷன் வைத்து ஓட்டுங்கள்.

#20 புதுவரி

எழுதி ஓட்டிவிட்டேன். பழைய கோடில் மூன்றும் சிவப்பு, புதியதில் மூன்றும் பச்சை. எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் "தீர்ந்தது" என்று குறித்துவிடுகிறேன்.